மாட்டேன் என்பதும் மாட்டாமையும்

1916 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். முதல் உலகப் பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்த பிரான்சு தேசத்தில், ஹாரி ஃபார் என்னும் பிரிட்டிஷ் போர்வீரர் ஒருவர் படைநீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். பகைவர்க்கு அஞ்சிப் போர்முனைக்குச் செல்ல மறுத்தார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அவரோ முந்திய ஆண்டில், குண்டதிர்ச்சி நோய் என்று அக்காலத்தார் பெயரிட்ட உளநோயால் ஐந்து மாதம் மருத்துவமனையிற் கிடந்தவர். கைந்நடுக்கத்தால் மனைவிக்குக் கடிதமுந் தாமாக எழுதவியலாமல், தாதியொருத்தி எழுதியனுப்பும் நிலையிலிருந்தவர். விசாரணை ஏறக்குறைய இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவருக்காக வாதிக்க வழக்கறிஞர் எவருமில்லை. அவரை முன்னர்ப் பார்த்திருந்த மருத்துவர் தாமே காயமுற்றிருந்தமையாற் சான்று கூற வரவில்லை. இருபத்தைந்தே வயதினரான அவர் அம்மாதம் 16 ஆம் நாள் விடியற்காலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்க்கும், அப்போரில் அவ்வாறே படைச்சட்டத்தால் உயிரிழந்த பிறர்க்குமாக 306 பேர்க்கு 2006 ஆம் ஆண்டிற் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டத்தின்வழி மன்னிப்பு வழங்கிற்று. தொண்ணூறாண்டு கழித்து வந்த அம்மன்னிப்பைக் கேட்டு மகிழ முதுமையடைந்த அவர் மகள் இருந்தார், அவர் இல்லை.

இந்நிகழ்ச்சியை யாம் முதற்கண் எடுத்துரைத்தது இரக்கத்தை எழுப்புவதற்கு மட்டுமன்று. அந்த இருபது நிமிடத்துள் முறையாக ஆராயப்படாத வினா ஒன்றுண்டு. “மாட்டேன்” என்னுஞ் சொல் நம் மொழியில் இருபொருள் தாங்கி வரும். மனமின்மையாற் கூறும் மறுப்பும் அதனுள் அடங்கும். ஆற்றலின்மையால் நேரும் இயலாமையும் அதனுள் அடங்கும். நொண்டிக் காலைக் கண்ணாற் காணலாம். நொந்த உள்ளத்தைக் கண்ணாற் காண்டல் அரிது. ஆகவே உளநோயுற்றார் ஒருவர் நீதிமன்றத்தின்முன்னோ, தொழில் தருவோர்முன்னோ நிற்குங்கால், அவர் கூறுவது மறுப்போ மாட்டாமையோ என்று தெளிந்துரைப்பதற்கு ஒரு கலை வேண்டப்படுகின்றது. அக்கலையின் இயல்பையும், அதனைக் கையாளும் முறையையும், நம் நாட்டுச் சட்டத்தில் அது பெற்றுள்ள இடத்தையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

நோய் வேறு, இயலாமை வேறு

இக்கலையிற் புகுவார் முதலில் உணரற்பாலது, நோயின் பெயரும் நோயால் விளையும் இயலாமையும் ஒன்றல்ல என்பதே. மனச்சிதைவு நோயுற்ற இருவரைக் கருதுவோம். ஒருவர் அச்சகத்திற் பிழைதிருத்துபவர். மருந்துண்டு நோயடங்கிய நிலையில், அமைதியான அறையிற் பகற்பொழுதில் அமர்ந்து தம் வேலையைச் செவ்வனே செய்கின்றார். மற்றவர் இரவெல்லாஞ் சரக்குந்து ஓட்டுபவர். அவர்க்கும் நோயடங்கியுள்ளது, ஆயின் மருந்தின் மயக்கமும் உறக்கக் கேடும் அவரது தொழிலுக்குப் பெரும் இடையூறாகின்றன. நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே, இயலாமை மட்டும் இருவர்க்கும் இருவேறு வகைத்து. இரண்டாமவரைப் பணிமனையிற் பகல்வேலைக்கு மாற்றினால், அவரது இயலாமையிற் பெரும்பகுதி மறைந்துவிடவுங் கூடும். இயலாமை என்பது மனிதரிடத்து மட்டும் உறைவதன்று. மனிதரும் அவர் செய்யவேண்டிய செயலும் சந்திக்கும் இடத்திற் பிறப்பது. ஆகவே “இவருக்கு என்ன நோய்?” என்று மட்டும் வினவி விடைகண்டு அமைவோர் வாயிற்படியில் நின்றவரேயன்றி வீட்டினுட் புகுந்தவராகார்.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்வேறுபாட்டை நன்கு போற்றியுள்ளது. ஒருவர் மனநோயுற்றார் என்று துணியப்பட்டமை ஒன்றைக்கொண்டே அவரைச் சித்தசுவாதீனமற்றவர் எனக் கொள்ளலாகாது என்றும், அவ்வாறு கொள்ளுதற்குத் தகுதிபெற்ற நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கின்றது. ஒருவரது பொருள்நிலை, சமூகநிலை, அரசியற் கொள்கை முதலியவற்றைக் கருதியோ, ஊரார் ஒழுக்க வழக்கத்தோடு அவர் ஒத்துப்போகவில்லை என்பதனாலோ அவரை மனநோயாளரென்று கூறுதலுங் கூடாது.

சட்டம் வினவும் முக்காலம்

இலக்கணம் பயின்ற நம் மாணவர்க்கு வினைச்சொல் காலங் காட்டும் என்பது தெரியும். சட்டம் வினவும் வினாக்களும் அவ்வாறே காலங் காட்டுவன. எக்காலத்து நிலையைக் கேட்கின்றனர் என்பதறியாமல் விடையிறுப்போர் பிழைபடுவர்.

இறந்தகால வினா குற்ற வழக்குகளிற் பெரும்பாலும் எழுவது. 1843 ஆம் ஆண்டில் இலண்டனில் மக்நாட்டன் என்பார், பிரதம மந்திரி ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்று, சித்தசுவாதீனமின்மையால் விடுதலை பெற்றார். அதனால் எழுந்த ஆரவாரத்தின்பின் நீதிபதிகள் வகுத்துரைத்த விதியே, 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்து 84 ஆம் பிரிவுக்கு மூலமாயிற்று. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 22 ஆம் பிரிவும் அதனையே தழுவி நிற்கின்றது. செயல் நிகழ்ந்த நேரத்தில் அச்செயலின் இயல்பையோ, அது தவறென்பதையோ, சட்டத்துக்கு மாறானதென்பதையோ அறியும் ஆற்றலை அவர் உளக்கேட்டால் இழந்திருந்தாரா என்பதே கேள்வி. இன்று அவர் எவ்வாறிருக்கின்றார் என்பது இதற்கு நேர்விடையாகாது. செயல் நிகழ்ந்த நேரமே முதன்மையானதென்று இந்திய உச்சநீதிமன்றம் 1964 ஆம் ஆண்டிலேயே குஜராத்து வழக்கொன்றில் வற்புறுத்திற்று.

நிகழ்கால வினா, குற்றஞ்சாட்டப்பட்டவர் இன்று விசாரணையை விளங்கிக்கொண்டு தம் வழக்கறிஞருக்குத் தம் செய்தியை எடுத்துரைக்க வல்லரா என்பது. ஒப்பந்தம் செய்வோரது தெளிவும் இவ்வகையினதே. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வழக்கமாகச் சித்தந் தெளியாதிருப்பவரும் இடையிடையே தெளிவுறுங் காலத்தில் ஒப்பந்தஞ் செய்யலாம் என்று கூறுதல் எண்ணி மகிழத்தக்கது. மேகம் விலகிய பொழுதில் வெளிப்படும் வெயிலும் வெயிலே என்று அச்சட்டம் ஒப்புக்கொண்டதுபோலும்!

எதிர்கால வினாவோ தொழிலிடத்துக்கு உரியது. இவர் பணிக்கு மீளலாமா? எவ்வகைப் பணிக்கு? எவ்வளவு காலத்தின்பின்? என்ன வசதி செய்துகொடுத்தால்? வருங்காலம் பற்றிய கூற்றாதலின் இதற்கு முழு உறுதியோடு விடை கூறுவோர் அறிவுடையோர் அல்லர். சான்றளவே துணிந்து கூறுவோரே நம்பத்தக்கவர்.

ஆய்வோர் நிற்குமிடம்

திருவள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில் நோயாளர், மருத்துவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்போர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நால்வகையும் நோயாளர் பக்கமே நிற்பன. நாம் பேசும் ஆய்வோர்க்கு இந்நான்கனுள் இடமில்லை. இவர் நோய் தீர்க்க வந்தவரல்லர். நீதிமன்றமோ, காப்புறுதி நிறுவனமோ, தொழில் தருவோரோ கேட்ட கேள்விக்கு உண்மையான விடைகாண வந்தவர். இவர் எழுதும் அறிக்கை ஆயப்பட்டவர்க்கு நன்மையும் செய்யலாம்; தீங்கும் செய்யலாம்.

ஆதலின் நோய் தீர்ப்பவரே ஆய்வோராகவும் இருத்தல் பொருந்தாது என்று அறிஞர் கூறுவர். 1997 ஆம் ஆண்டில் கிரீன்பர்க், ஷூமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இவ்விரு நிலைகளும் தம்முள் முரணுவன என்பதை விரிவாக எடுத்துக்காட்டினர். மருத்துவர் நோயாளர் கூற்றை நம்பித் தொடங்குகின்றார். ஆய்வோர் அதனைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே ஏற்கின்றார். மருத்துவரிடம் சொன்னது மறைவாகக் காக்கப்படும். ஆய்வோரிடம் சொன்னது மன்றத்தில் வாசிக்கப்படும். ஆகவே ஆய்வோர் தம் முதற் சொல்லாக, “யான் உம்மைக் குணப்படுத்த வந்தவனல்லேன், நீர் கூறுவன இன்னாரிடம் செல்லும், விடைகூற விரும்பாதவற்றைக் கூறாதிருத்தலும் உமக்கு உண்டு” என்று தெளிய உரைத்தல் வேண்டும். அதனை மறைத்து அன்புமொழியால் வாயைத் திறப்பித்தல், நட்புக்காட்டி வேவு பார்த்தலேயாம்.

ஆயும் முறை

முறையான ஆய்வு ஒரு நாழிகைப் பேச்சில் முடிவதன்று. முதலாவது, கேட்கப்பட்ட வினாவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுதல். இரண்டாவது, பழைய ஏடுகளைப் பார்த்தல்: மருத்துவமனைக் குறிப்பு, பள்ளிப் பதிவு, அலுவலக விடுப்புப் பதிவேடு முதலியன. நோய் தொடங்கிய காலத்தையும், அதற்குமுன் அவர் எவ்வாறிருந்தார் என்பதையும் இவையே கூறும். மூன்றாவது, நேரில் உரையாடல். ஈண்டு, “உமக்குத் துயரமுண்டா?” என்பது போன்ற வினாக்களினும், “நேற்றுக் காலை எப்பொழுது எழுந்தீர்? யார் எழுப்பினர்? தாமாகக் குளித்தீரா? கடைக்குச் சென்று மீதிச்சில்லறை எண்ணி வாங்கினீரா? பேருந்தில் தனியே வந்தீரா?” என்னும் வினாக்களே பயன்மிக்கன. நான்காவது, உடன் வாழ்வோரையும் உடன் உழைப்போரையும் கேட்டல். ஐந்தாவது, உளநூற் சோதனைகள்.

சோதனைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். பாரிசு நகரத்தில் 1905 ஆம் ஆண்டிற் பினே, சீமோன் என்பார் அமைத்த அறிவுச்சோதனை, அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர்க்கென ஆக்கப்பட்டது. அதனை அப்படியே நம் நாட்டுச் சிறுவர்க்கு வைத்தளத்தல் தகாது என்றுணர்ந்தே, காமத் என்னும் அறிஞர் கன்னட மராத்திச் சிறுவர்க்கேற்ப அதனைத் திருத்தியமைத்தார். பள்ளி வாசலை மிதியாத உழவரொருவர் தாம் கண்டறியாத படங்களை அடுக்கத் தெரியாது விழித்தால், அது அறிவின் குறையா, அளவுகோலின் குறையா என்று ஆய்வோர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். அவர் விதைநெல்லைக் கணக்கிடும் திறத்தையும் பார்த்தபின் எழுதுவதே நீதி.

ஆறாவதாகிய அறிக்கை எழுதுகையில், தாம் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும், இவ்விரண்டிலிருந்து தாம் ஊகித்ததையும் தனித்தனியே பிரித்தெழுதல் வேண்டும். நீதிபதிக்கு விளங்காத சொல்லை எழுதுதல் புலமையாகாது. கேட்கப்படாத இரகசியங்களை அறிக்கையில் ஏற்றுதல் பிழை மட்டுமன்று, பாவமுமாகும். தீர்ப்பளிப்பவர் நீதிபதியே, ஆய்வோர் கருத்துரைப்பவரேயன்றித் தீர்ப்புரைப்பவரல்லர்.

எண்ணும் மனிதரும்

நம் நாட்டில் மனநோயால் வரும் இயலாமையை எண்ணால் அளக்கும் ஓர் அளவுகோல் உண்டு. இந்திய இயலாமை மதிப்பீட்டு அளவுகோல் எனப்படும் அதனை இந்திய மனநோய் மருத்துவர் சங்கத்தினர் ஆக்கினர். 2002 ஆம் ஆண்டில் அரசினர் ஏற்றனர். அதன் முன்னோடிகளுள் ஒன்று சென்னையிலே பிறந்தது என்பது நமக்கு உவகை தருவதாகும். டாக்டர் சாரதா மேனன் 1984 ஆம் ஆண்டில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த டாக்டர் தாராவும் பிறரும் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுமுறையே அது.

இவ்வளவுகோல் நான்கு துறைகளைப் பார்க்கின்றது: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் விளங்கிக்கொள்ளுதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை எண்ணிடுவர். நோய் நீடித்த காலத்துக்கென 1 முதல் 4 வரை கூட்டுவர். ஆக மொத்தம் 20. கூட்டுத்தொகை 1 முதல் 6 வரையாயின் இயலாமை 40 விழுக்காட்டிற் குறைவு. 7 முதல் 13 வரையாயின் 40 முதல் 70. 14 முதல் 19 வரையாயின் 71 முதல் 99. 20 ஆயின் நூறு. வேலையென்னுந் துறையில் ஊதியத்துக்கு உழைப்போரையன்றி, இல்லத்தரசியரையும் மாணவரையுங்கூடத் தனித்தனியே கருதியிருத்தல் பாராட்டுக்குரியது. அடுப்பங்கரையில் தளர்ந்த கையும் தளர்ந்த கையே அன்றோ!

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர்க்கு நான்கு துறைகளிலும் ஒவ்வோர் எண்; நோய்க்காலத்துக்கு இரண்டு. கூட்டினால் 6. மற்றொருவர்க்கு எல்லாம் அவ்வாறே. வேலைத்துறையில் மட்டும் ஒன்றுக்கு மாறாக இரண்டு. கூட்டினால் 7. முதல்வர் 40 விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்டார். இரண்டாமவர் 40 ஐ எட்டினார். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழங்கும் அரசுப்பணி இடவொதுக்கீடு முதலிய நன்மைகள் பல அந்த 40 என்னும் வாயிலின்வழியே செல்வன. ஓர் எண் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிக்கவும் வல்லது, அவிக்கவும் வல்லது. பகல் முழுதும் வரிசையில் நின்றாரை ஐந்து நிமிடத்திற் பார்த்து, பேனா முனையால் அவ்வெண்ணை இடும் கை சற்றே நடுங்கினும் குற்றமில்லை.

பொய்ப்போரும் மறைப்போரும்

நன்மை கருதி நோயில்லாதார் நோயை நடித்தலும் உண்டு. இதனை அறியவுஞ் சோதனைகள் உள. டோம்பா என்னும் கனடா நாட்டறிஞர் 1996 ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவுச் சோதனையில், ஐம்பது கோட்டுப்படங்களைக் காட்டிப் பின்னர் இரண்டிரண்டு படங்களாக முன்வைத்து, “முன்பு கண்டது எது?” என்று கேட்பர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் ஏறத்தாழப் பாதி சரியாகும். பாதிக்கும் மிகக் குறைவாகவே ஒருவர் சரியாகச் சொன்னால், அவர் உண்மை விடையை அறிந்தே தவிர்க்கின்றார் என்று ஐயுற இடமுண்டு. நுட்பமான சூழ்ச்சியே! ஆயினும் மிகைப்படுத்திக் கூறினார் என்பதனால் நோயே இல்லையென்று முடிவுகட்டலாகாது. பலகாலும் சொல்லியும் நம்பப்படாதவர் தம் துயரைச் சற்றே உரத்துக் கூறுவதும் உலகியல்பு.

இனி நாம் அதனினும் கருதவேண்டியது எதிர்ப்பக்கமாம். இல்லாத நோயை நடிப்போரையன்றி, உள்ள நோயை மறைப்போரும் நம்மிடையே உளர். வேலை போய்விடும், தங்கையின் திருமணம் தடைப்படும், தெருவார் பெயரிட்டழைப்பர் என்றஞ்சி, மருந்துப் புட்டியை மறைத்துவைத்து அலுவலகம் செல்வோர் உளர். “ஒன்றுமில்லை ஐயா, உறக்கக் குறைவுதான்” என்பார் அவர். பொய்யரைப் பிடிக்கும் ஆர்வத்தில் இவரைக் காணாது விடும் ஆய்வு பாதி ஆய்வே.

தொழிலிடத்து நீதி

தொழிலிடத்தைப் பற்றிய ஒரு வழக்கை ஈண்டுக் குறிப்பிடுதல் இன்றியமையாதது. மத்திய சேமக் காவற்படையில் 2001 ஆம் ஆண்டு முதற் பணியாற்றிய அதிகாரி ஒருவர், 2009 ஆம் ஆண்டு முதல் எண்ணச் சுழற்சி நோயாலும் மனச்சோர்வாலும் வருந்தினார். அடுத்த ஆண்டில் அவரது பேச்சும் நடத்தையும் காரணமாக ஒழுக்க விசாரணை தொடங்கிற்று. பின்னர் மருத்துவர்கள் அவரது இயலாமையை 40 முதல் 70 விழுக்காடென்று சான்றளித்தனர். வழக்கு உச்சநீதிமன்றத்தை எட்டிற்று. 2021 டிசம்பர் 17 ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் ஓர் அரிய உண்மையை எடுத்துரைத்தது. உளநோயுடையார் பிறரினும் எளிதில் ஒழுக்கக் குற்றச்சாட்டுக்கு ஆளாகும் நிலையிலிருக்கின்றனர். ஆதலின் நடத்தைக்கு நோய் ஒன்றே முழுக்காரணம் என்று அவர் காட்டவேண்டுவதில்லை, நோய் காரணங்களுள் ஒன்றாயிருந்தாலே போதும். அதனைக் கருதாது விசாரணை நடத்துதல் மறைமுகப் பாகுபாடாகும் என்பதே அது. அவர் இப்பொழுதைய பணிக்குத் தகாராயின் ஊதியங் குறையாமல் வேறு பணி தருக என்றும், துப்பாக்கி கையாளாத பணியை அதிகாரிகள் தெரிந்து தரலாம் என்றும் நீதிமன்றம் கூறிற்று.

இதற்கு அடிப்படையாகிய 2016 ஆம் ஆண்டின் சட்டம், அரசுப் பணியிலிருக்கையில் இயலாமையுற்றவரைப் பணிநீக்கஞ் செய்தலும் பதவி தாழ்த்தலும் கூடாதென்றும், அதே ஊதியத்தில் வேறிடத்துக்கு மாற்றுக என்றும், தக்க இடமில்லையாயின் இடங் கிடைக்கும்வரையோ ஓய்வுபெறும்வரையோ மிகைப்பணியிடத்தில் வைத்துக் காக்க என்றும் விதிக்கின்றது. ஆகவே ஆய்வோரின் அறிக்கை “தகுதியுடையார், தகுதியில்லார்” என்னும் இரு சொற்களோடு முடிந்துவிடலாகாது. எதனைச் செய்ய வல்லர், எதனைச் செய்ய மாட்டார், எந்த மாற்றத்தைச் செய்துகொடுத்தால் மாட்டாததும் மாட்டுவதாகும் என்று விளக்குதலே அதன் பயன்.

முடிவுரை

ஆங்கு இருபது நிமிட விசாரணை. ஈண்டு ஓராண்டன்று, பத்தாண்டுக்கு மேற்பட்ட வழக்கு. முன்னதில் ஓர் உயிர் போயிற்று. பின்னதில் ஒரு வாழ்வு காக்கப்பட்டது. இரண்டுக்குமிடையே நூற்றைந்து ஆண்டுகள் சென்றன. இடைவெளியில் உலகம் கற்றுக்கொண்டது மிகப் பெரிதன்று; மறுத்தவரைத் தண்டிக்குமுன், அவர் மறுத்தாரா மாட்டாதிருந்தாரா என்று பொறுமையோடு கேட்டறியும் ஒழுக்கமே அது.

இக்கல்லூரியினின்று வெளிச்செல்லும் மாணவருட் சிலர் மருத்துவராவர், சிலர் வழக்கறிஞராவர், பலர் அலுவலகங்களிற் பிறரை நடத்தும் பொறுப்பேற்பர். நம்முள் எவரேனும் ஒருநாள் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து, தம் உள்ளத்தின் இயலாமையை அறியாதாரொருவர்க்கு விளக்கவேண்டியும் நேரலாம். அன்று நமக்கு எத்தகைய ஆய்வோர் வாய்க்க வேண்டுமென்று விரும்புவோமோ, அத்தகையோராக இன்று பிறர்க்கு நாம் அமைவோமாக. “இவர் வரமாட்டேன் என்கிறார்” என்று ஒருவரைப் பற்றிய குறிப்பு நம் மேசைக்கு வருங்கால், கையொப்பமிடுமுன் அவ்வொரு சொல்லின் இருபொருளையும் நினைவுகூர்தலே இக்கட்டுரையின் பயனாம்.